உழைக்கும் சில்லும் ஊர்வலச் சில்லும்

ஐந்தாண்டுக் காலம் அடைபட்டிருந்த தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டதிலிருந்து, நமது பத்திரிகைகளின் முழுப்பக்கங்களில் புதியதொரு காவியம் அரங்கேறிவருகின்றது. அருவிக்கரையில், பனிபடர்ந்த மலைச்சரிவில், மனித சஞ்சாரமற்ற கடலோரத்தில் பளபளக்கும் ஜீப் ஒன்று நிற்கின்றது. அதன் கீழே அச்சிடப்படும் வாசகங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் வார்த்தவை. ஹைபிரிட் அல்லது முழுமின்சாரம், நான்கு சில்லுகளுக்கும் வலு, வேலைக்கும் உகந்தது, நாளாந்தப் பயணத்துக்கும் உகந்தது, இயற்கையின் தோழன்! உழைப்பு, அன்றாட வாழ்வு, இயற்கை என்னும் மூன்று பெருஞ்சொற்களையும் ஒரே மூச்சில் விலைகூறும் இவ்வாசகங்களைச் சொல்லின் பொருளில் அக்கறையுள்ள நாம் சற்று நிறுத்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

எந்த வேலை? எவருடைய அன்றாடம்? எவருக்கான இயற்கை? இவ்வினாக்களுக்கு விடை காணாது ‘பசுமை வாகனம்’ என்ற சொற்றொடரை ஏற்றுக்கொள்வது, அட்டையைப் பார்த்து நூலுக்கு மதிப்புரை எழுதுவதை ஒக்கும். நமது முடிபை முதலிலேயே கூறிவிடுகின்றோம். மின்வலுவால் நான்கு சில்லுகளையும் இயக்கும் வாகனம் மனித அறிவின் மெச்சத்தக்க படைப்பு. அது உழைப்பவர் கைக்குச் செல்லுமாயின் நாடு நன்மை பெறும். ஆனால் இன்று அது உழைப்பின் பெயரால் விலைபேசப்பட்டு, அவ்வுழைப்போடு தொடர்பற்றோர் முற்றத்தைச் சென்றடைகின்றது. நமது வழக்கு யந்திரத்தின் மீதன்று. இந்தத் திசைதிருப்பத்தின் மீதே.

இவ்வாறு கூறியதும், விஞ்ஞான வளர்ச்சியைக் கண்டு மிரளும் பண்டிதர் கூட்டமென்று நம்மை நோக்கிச் சிலர் விரல் நீட்டக்கூடும். யந்திரத்தை உடைப்பது முற்போக்காளரின் மரபன்று. யந்திரம் எவருக்கு உடைமை, எவருக்குப் பயன் என்று கேட்பதே அவர் மரபு. ஆதலால் முதலில் யந்திரத்தைப் பற்றியே பேசுவோம்.

நான்கு சில்லுகளுக்கும் வலு செலுத்தப்படும் வாகனத்தை நம்மூர்க் கராஜ்காரர் ‘போர்வீல்’ என்பர். நாமும் அச்சொல்லையே ஆளுவோம். போர்வீல் பெயர்பெற்றது மாளிகை வாசலில் அன்று, சேற்றில். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதலாக, வில்லிஸ், போர்ட் ஆகிய நிறுவனங்கள் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தளித்தன. போர் ஓய்ந்தபின், 1948 ஏப்பிரலில், ஆம்ஸ்ரடாம் வாகனக் கண்காட்சியில் லான்ட் றோவர் வெளியாயிற்று. அது கமக்காரரை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்ட வண்டி. உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால் அதன் உடலை அலுமினியக் கலவையால் அமைத்தனர். எஞ்சினின் வலுவை வெளியே எடுத்து வயற்பொறிகளையும் நீரிறைக்கும் பம்பியையும் சுழற்றுவதற்கு அதில் வழி இருந்தது. வண்டி நின்ற பின்னரும் அதன் வேலை நிற்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. 1970இல் றேஞ்ச் றோவர் வெளியான காலந்தொட்டு, மெத்தையும் குளிரூட்டியும் ஒவ்வொன்றாக வண்டியில் ஏறின, வயற்பொறி இறங்கிற்று. சேற்றில் இறங்கும் தேவை வாங்குவோரிற் பெரும்பாலோர்க்கு இருக்கவில்லை. சேற்றில் இறங்க வல்ல வண்டி தம்மிடம் உண்டு என்ற எண்ணமே விற்பனைப் பொருளாயிற்று. உழைப்பாளியின் உடையை அணிந்துகொண்டு உழைப்பாளியை விலத்திச் செல்லும் கலையை முதலாளித்துவச் சந்தை நன்கு கற்றுக்கொண்டது.

மின்சாரமும் இத்துறைக்குப் புதிய விருந்தாளி அன்று. 1900ஆம் ஆண்டளவில் வியன்னாவின் லோனர் வண்டித் தொழிற்சாலையிற் பணிபுரிந்த பேர்டினண்ட் போர்ஷ என்ற இளைஞர், சில்லின் குடத்துள்ளேயே மோட்டாரைப் பொருத்தினார். இங்கிலாந்தின் லூட்டன் நகரத்துச் செல்வர் ஒருவருக்காக நான்கு சில்லுகளிலும் மோட்டார் பூட்டிய வண்டியொன்றும் செய்யப்பட்டது. அதன் மின்கலங்களின் நிறை மாத்திரம் ஏறத்தாழ 1800 கிலோகிராம். பெற்றோல் எஞ்சினால் மின்சாரம் பிறப்பித்து, அம்மின்சாரத்தால் ஓடும் வண்டியையும் அவர் அக்காலத்திலேயே ஆக்கிக் காட்டினார். ஆகவே, நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்ட அற்புதம் எனத் தம்பட்டம் அடிக்கப்படுவது ஒன்றேகால் நூற்றாண்டு வயதுடைய கருத்து. இடைக்காலத்தில் வளர்ந்தது மின்கலம். வளராதது அதனை எவருக்குக் கொடுப்பது என்ற சிந்தனை.

மின்மோட்டாரின் சிறப்பு யாது? பெற்றோல் எஞ்சின் குறித்த வேகத்திற் சுழலத் தொடங்கிய பின்னரே தன் முழு முறுக்குவிசையைத் தரும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே அதனைத் தரும். சேற்றிற் புதைந்த சில்லை மெல்ல அசைப்பதற்கும், பாரமேற்றிய வண்டியை ஏற்றத்திற் கிளப்புவதற்கும் இதனினும் ஏற்ற குணம் வேறில்லை. முன்னும் பின்னும் தனித்தனி மோட்டார் வைத்தால், இடையே வலுவைக் கடத்தும் நீண்ட உருக்குத் தண்டும் வேண்டாம். 2001இல் யப்பானில் வெளியான தொயோட்டா எஸ்ரிமா ஹைபிரிட் பின்சில்லுகளுக்குத் தனி மோட்டார் வைத்தது. 2013இல் விற்பனைக்கு வந்த மிற்சுபிசி அவுட்லான்டரின் ஹைபிரிட் வகை, வீட்டு மின்னிணைப்பில் மின்னேற்றும் வசதியையும், 1500 வாற்று வரை வெளிப்பொருள்களுக்கு மின் வழங்கும் வசதியையும் சேர்த்துக்கொண்டது. 2019 செப்ரெம்பரில் சூறாவளி தாக்கி யப்பானின் சீபா மாநிலம் இருளில் மூழ்கியபோது, மின்வாகனங்கள் அங்கு அனுப்பப்பட்டு, அவற்றின் மின்கலங்களிலிருந்து மக்களுக்கு மின்சாரம் வழங்கப்பட்டது.

இன்னுமொன்று உண்டு. மின்வண்டி இறக்கத்தில் இறங்கும்போது அதன் மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறி, தடுப்பில் வீணாகும் சக்தியின் ஒரு பகுதியை மின்கலத்துக்கு மீட்டுக் கொடுக்கின்றது. சுவிற்சர்லாந்தில் பீல் நகருக்கு அண்மையிலுள்ள சீமெந்துக் கற்குழியொன்றில் மின்சாரமயமாக்கப்பட்ட பாரவண்டி ஒன்று வெறுமையாக மேலேறி, ஏறத்தாழ 65 தொன் கல்லுடன் கீழிறங்குகின்றது. ஏறும்போது செலவழிப்பதிலும் இறங்கும்போது ஈட்டுவது கூடுதலாகும் நாட்களும் அதற்கு உண்டு. மாயமொன்றுமில்லை, பாரம் மேலிருந்து கீழே வருவதன் பயன் அது. இதனை வாசிக்கும் மலையக நண்பர்களுக்கு உடனே ஒரு காட்சி தோன்றும். மேல்மலையிற் பறித்த கொழுந்து கீழேயுள்ள தொழிற்சாலைக்கு இறங்கும் தோட்டங்கள் நம் நாட்டிலும் உள. வெறுமையாக ஏறி, கொழுந்துடன் இறங்கும் வண்டி அங்கு நாள்தோறும் ஓடுகின்றது. அது டீசலைக் குடித்துக் கரும்புகை கக்கும் வண்டி. இறங்கும்போது தடுப்புக் கட்டைகளைத் தேய்ப்பதன்றி வேறெதையும் ஈட்டாத வண்டி.

இந்த நற்குணங்களின் தேவை எங்குள்ளது என்பதை 2025 நவம்பர் இறுதியில் நாடு கண்ணீரோடு கண்டது. டித்வா சூறாவளி 600இற்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுசென்றது. மலையகத்தில் மண்சரிவுகள் வீடுகளைப் புதைத்தன, பாதைகள் அறுபட்டன, மின்கம்பிகள் வீழ்ந்தன. அத்தகைய நாட்களில் 1500 வாற்று என்பது விளம்பரத் துணுக்கன்று. அது செய்தியனுப்பத் தொலைபேசிக்கு உயிர்; மருந்து கெடாதிருக்கக் குளிர்பெட்டிக்குக் குளிர்; பிரசவம் பார்க்கும் அறைக்கு வெளிச்சம். கர்ப்பிணிப் பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றி, குண்டும் குழியுமான தோட்டப் பாதையால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் அவலம் மலையகத்தில் எவருக்கும் புதிய செய்தியன்று. நான்கு சில்லும் உழைக்கும், நின்றவிடத்திலும் மின்கொடுக்கும் வண்டி எங்கே தேவையென்று கேட்டால், ஒரு குழந்தையும் அந்தப் பாதையையே சுட்டிக்காட்டும். சந்தையோ நகரத்துக் காப்பெற் வீதியைச் சுட்டிக்காட்டுகின்றது.

உலகச் சந்தை இத்தொழில்நுட்பத்தை எத்திசையில் இழுத்துச் செல்கின்றது என்பதற்கு அமெரிக்காவில் 2020களின் தொடக்கத்தில் வெளிவந்த ஹம்மர் மின்வண்டி நல்ல சான்று. அதன் நிறை நான்கு தொன்னுக்கும் மேல். மின்கலத் தொகுதி மாத்திரம் ஏறத்தாழ 1300 கிலோகிராம். ஒரு சாதாரண காரின் நிறை! அதன் மின்கொள்ளளவு 200 கிலோவாற்று மணிக்கு மேற்பட்டது. நமது வீதிகளில் உழைக்கும் ஓட்டோவை மின்சாரத்தால் ஓட்டுவதற்கு எட்டு அல்லது பத்துக் கிலோவாற்று மணி போதுமானது. எனவே, ஒரு செல்வரைத் தனியே ஏற்றிச் செல்லும் அந்த மின்கலத்தைப் பகிர்ந்தால் இருபது ஓட்டோக்காரர் எரிபொருட் செலவிலிருந்து விடுபடுவர். இந்தக் கணக்கைப் போடுவதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பு மாணவனே போடுவான். எனினும் இக்கணக்கு எந்த விளம்பரத்திலும் இடம்பெறுவதில்லை.

ஹைபிரிட்டின் கதையும் இத்தகையதே. மின்னிணைப்பில் ஏற்றும் ஹைபிரிட் கார்கள் ஆய்வுகூடப் பரிசோதனையிற் காட்டிய புகையைக் காட்டிலும், உண்மைப் பாவனையில் சராசரி மூன்றரை மடங்கு கரியமிலவாயுவை வெளியிடுகின்றன என்று ஐரோப்பிய ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. காரணம் எளிது. வாங்குவோர் பலர் அவற்றைக் குறைவாகவே மின்னேற்றுகின்றனர், பெற்றோலில் ஓட்டுகின்றனர். யந்திரம் ஏமாற்றவில்லை. பசுமைக்கென அளிக்கப்பட்ட சலுகையைப் பெற்றுக்கொண்டு, பசுமையை வீட்டுக் கொட்டிலில் விட்டுச் செல்லும் வழக்கமே ஏமாற்றுகின்றது. இதற்கு மேலாக, ‘போர்வீல்’ என விற்கப்படும் ஹைபிரிட்டுகளிற் பல, பின்சில்லுக்குச் சிறிய மோட்டார் ஒன்றை மாத்திரம் பெற்றவை. பாரமிழுக்கும் தாழ்ந்த கியர் இல்லாதவை. நிலத்தை ஒட்டித் தாழ்ந்தவை. மழை நனைத்த தார் வீதியில் வழுக்காது செல்வதற்கு அவை உகந்தவை. உழுத வயலுக்கோ, மண்சரிந்த தோட்டப் பாதைக்கோ அவற்றை இறக்கினால், அவற்றை இழுத்தெடுக்க உழவு யந்திரமொன்று வரவேண்டியிருக்கும். வேலைக்கு உகந்தது என்ற வாசகத்தின் உண்மை நிலை இதுதான்.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2010இன் பின்னர் வரிச்சலுகையின் தயவால் ஹைபிரிட் கார்கள் நம் வீதிகளை நிறைத்தன. பிரியஸ், அக்குவா, வெசல் ஆகிய பெயர்கள் மத்தியதர வர்க்கத்தின் வேதமந்திரங்களாயின. பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்ட வரிவிலக்கு அனுமதிப்பத்திரங்களோ பெருஞ்ஜீப்புகளாக உருவெடுத்தன. அனுமதிப்பத்திரமே கைமாறி விற்பனைப் பண்டமானதும் நாடறிந்த செய்தி. மக்களின் பிரதிநிதி மக்கள் வாழும் கரடுமுரடான பாதைகளிற் செல்வதற்குப் போர்வீல் தேவை என்பதே அச்சலுகைக்குக் கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று. அந்தப் பாதைகளைச் செப்பனிட்டிருந்தால் இருவருக்கும் நன்மை கிடைத்திருக்கும் என்பது எவருக்கும் தோன்றவில்லைப் போலும்!

அந்நியச் செலாவணி வற்றிய நிலையில் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்பிரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு யூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் இல்லையென்று கதவடைக்கப்பட்டது. எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் இரவு பகலாக நின்ற வரிசைகளை எவர் மறப்பர்? லான்ட்மாஸ்டருக்கு டீசல் இன்றிக் கமக்காரர் தவித்தனர். மண்ணெண்ணெய் இன்றி மீனவர் படகுகள் கரையிற் கிடந்தன. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. விளக்குக்கும் அடுப்புக்கும் படகுக்கும் மண்ணெண்ணெயை நம்பியிருந்த மக்களின் தலையில் வீழ்ந்த இடி அது.

இத்தகைய நெருக்கடியிலிருந்து ஒரு நாடு என்ன பாடம் கற்றிருக்க வேண்டும்? எரிபொருட் கப்பல் வராவிட்டாலும் உணவு விளைய வேண்டும், நோயாளி ஆஸ்பத்திரியை அடைய வேண்டும், பிள்ளை பாடசாலைக்குச் செல்ல வேண்டும். ஆகவே, மின்வலு முதலில் உழவுக்கும் பேருந்துக்கும் அம்புலன்ஸுக்கும் செல்ல வேண்டும் என்ற பாடத்தையன்றோ? இறக்குமதி திறந்தபோது மின்வலுவுக்கு அத்தகைய வரிசைமுறை எதனையும் நாம் காணவில்லை. ஹைபிரிட்டுக்கு எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டும், மின்வாகனத்துக்கு மோட்டாரின் கிலோவாற்றைக் கொண்டும் வரி அறவிடப்படுகின்றது. விலைமிகுந்தவற்றுக்கு ஆடம்பர வரியும் உண்டு. 2025இல் மோட்டாரின் வலு 100 கிலோவாற்றா 150 கிலோவாற்றா என்ற பிணக்கில் பெருந்தொகையான மின்கார்கள் சுங்கத்தில் தடுத்துவைக்கப்பட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. மோட்டாரின் வலு எவ்வளவு என்று நாடே விவாதித்தது. அவ்வலு எவர் பாரத்தைச் சுமக்கப்போகின்றது என்று கேட்பாரில்லை. காசுள்ளவன் வரியைச் செலுத்தி வண்டியை எடுத்துச் செல்கின்றான். அரசாங்கம் வருமானத்தைக் கணக்கிட்டு மகிழ்கின்றது. செலவான அந்நியச் செலாவணியோ கொழுந்து பறித்தவளும், ஆடை தைத்தவளும், மத்திய கிழக்கில் வீட்டுப்பணி புரிந்தவளும் ஈட்டியது.

மின்வண்டி ஓடும் மின்சாரம் எங்கிருந்து வருகின்றது? இலக்சபானவிலும் மகாவலியிலும் இருந்து வருகின்றது. நுரைச்சோலையின் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையத்திலிருந்தும் வருகின்றது. மலையகத்தின் நீர் கொழும்பின் விளக்குகளை ஏற்றிய வரலாறு நீண்டது. காசல்றீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களைச் சுற்றியும், 2012இல் இயங்கத் தொடங்கிய மேல்கொத்மலைத் திட்டத்தின் தலைமாட்டிலும் வாழ்பவர்கள் தோட்டத் தொழிலாளர். அவர்களின் மலையில் வீழ்ந்த மழை, நகரத்து ஜீப்பின் மின்கலத்தில் நிரம்புகின்றது. அவர்களோ வீதியோரத்தில் ஒதுங்கி நின்று அந்த ஜீப்புக்கு வழிவிடுகின்றனர். இதனைப் பசுமை என்பதா, பழைய சுரண்டலின் புதிய நிறம் என்பதா?

நுரைச்சோலையின் கரியால் மின்னேற்றிய வண்டியும் பெற்றோல் வண்டியிலும் மேலானதே என்று வாதிடுவோர் உளர். மின்மோட்டார் சக்தியை வீணாக்குவது குறைவு என்ற அளவில் அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அதைவிடச் சிறந்த வழி கண்முன்னே கிடக்கின்றது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரைகளிற் பொருத்திய சூரிய மின்தொகுதிகளைப் பகற்பொழுதில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. கொட்டும் வெயிலைக் கொள்வதற்குக் கலமில்லை! நகரத்து ஜீப் மாலையில் வீடு திரும்பி, நாடு முழுவதும் விளக்கேற்றும் நேரத்தில் மின்னேற்ற நிற்கின்றது. உழவு வண்டி, கொழுந்து வண்டி, பாடசாலைப் பேருந்து ஆகியவையோ நண்பகலில் ஓய்ந்து நிற்கக்கூடியவை. வேலையின் நேரமும் வெயிலின் நேரமும் இயல்பாகவே பொருந்துகின்றன. உழைக்கும் வண்டியே உண்மைப் பசுமை வண்டி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மின்கலத்துள்ளே இருப்பதையும் நோக்குவோம். இலிதியம் மின்கலத்தின் ஒரு முனை பெரும்பாலும் காரீயத்தால் ஆனது. நம் நாட்டுப் போகலை, ககட்டகக சுரங்கங்களின் காரீயம் மிக உயர்ந்த தூய்மைக்குப் பெயர்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் அதனைத் தோண்டி ஏற்றுமதி செய்கின்றோம். நாட்டின் முதற் பிரதமரது குடும்பச் செல்வத்தின் ஒரு பகுதியும் காரீயச் சுரங்கங்களிலிருந்து வந்ததே. நிலத்தின் ஆழத்தில் உழைத்தவன் தோண்டிய கனியம் தொன் கணக்கில் வெளியேறுகின்றது. கார் மின்கலமோ பலமடங்கு விலையோடு வெளியிலிருந்து வந்து இறங்குகின்றது. கொங்கோவின் நிலையும் நமக்குப் புறம்பானதன்று. உலகிற் தோண்டப்படும் கோபால்ற்றில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு அங்கிருந்தே வருகின்றது. கைக்கருவியோடு குழியில் இறங்குவோருள் சிறுவர்களும் உளர் என்பது பன்முறை வெளிப்படுத்தப்பட்ட உண்மை. கோபால்ற்று வேண்டாத இரும்பு-பொஸ்பேற்று மின்கலங்கள் இன்று பெருகிவருவது வரவேற்கத்தக்கதே. எனினும் நான்கு தொன் வண்டிக்கு எந்தக் கனியத்தைப் பயன்படுத்தினாலும், அது தேவைக்கு மிஞ்சிய கனியமே.

நமக்கு எதிராகக் கூறப்படும் வாதங்களுள் இரண்டு கவனிக்கத்தக்கவை. முதலாவது, செல்வர் முதலில் வாங்கினால்தான் விலை குறைந்து பின்னர் ஏழைக்கும் கிட்டும் என்பது. மின்கலத்தின் விலை வீழ்ந்தது மெய். ஆனால் விலை வீழ்ந்ததும் என்ன நடந்தது? வண்டி சிறுத்ததா? இல்லை, பெரும்பாலும் பருத்தது. சேமித்ததைச் சந்தை ஏழைக்குக் கொடுக்கவில்லை. மேலும் அகன்ற இருக்கையாகச் செல்வருக்கே திருப்பிக் கொடுத்தது. பந்தியில் எஞ்சியது வாசலுக்கு வரும் என்று காத்திருப்பவன் பந்தி முடிவதேயில்லை என்பதை விரைவில் அறிவான். இரண்டாவது, தன் பணத்தில் ஒருவன் எதை வாங்கினால் உங்களுக்கென்ன என்பது. அவன் வாங்குவது வண்டி மாத்திரமாயின் நமக்கு ஒன்றுமில்லை. அவன் நாட்டின் செலாவணியை வாங்குகின்றான். வீதியின் அகலத்தை வாங்குகின்றான். மாலைநேர மின்சாரத்தை வாங்குகின்றான். பொதுவுடைமையான இம்மூன்றையும் விற்கும் அதிகாரம் எவருக்கும் வழங்கப்படவில்லை.

யந்திரத்தைத் திருத்தும் உரிமை பற்றியும் ஒரு சொல். 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் மின்சாரமும் அற்றுப்போன காலத்தில், நம் கராஜ்காரர் மோட்டார் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். யந்திரத்தைத் திறந்துபார்க்கவும் திருத்தவும் முடிந்தமையால் ஒரு சமூகம் தன் மூச்சைக் காத்துக்கொண்டது. இன்று வரும் மின்வண்டிகளிற் பல, நிறுவனத்தின் கணினி அனுமதியின்றித் திறக்க இயலாத பேழைகள். சந்தியிலுள்ள கராஜ்காரர் தொடமுடியாத வண்டி எவ்வளவு உயர்ந்ததாயினும், கிராமத்துக்கு அது வேலைக்காகாத வண்டியே.

எனவே நாம் கோருவது இவற்றையே. நான்கு சில்லும் உழைக்கும் மின்வாகனங்களுக்கான சலுகைகள் தனியாருக்கு முன்னர் தோட்டப்புற மருத்துவ சேவைக்கும், அனர்த்த நிவாரணத்துக்கும், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் உரித்தாக வேண்டும். உழவு வண்டியையும் கொழுந்து வண்டியையும் மின்மயமாக்கும் முயற்சிக்கு அரசு பொருளுதவ வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் அருகருகே இருக்கின்றன; இரண்டுக்கும் இடையிலுள்ள வயலில் ஒரு மின்சார லான்ட்மாஸ்டர் ஓடவேண்டுமென்று கேட்பது பேராசையன்று. நண்பகல் வெயிலைச் சேமித்து வண்டிகளுக்கு ஊட்டும் நிலையங்கள் கூட்டுறவுக் களஞ்சியங்களின் கூரைகளில் எழவேண்டும். இறக்குமதியாகும் ஒவ்வொரு மின்வண்டியின் திருத்தும் அறிவும் கருவிகளும் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்குத் திறந்துவிடப்பட வேண்டும். நாட்டின் காரீயம் மின்கலத்துக்கேற்ற பண்டமாக இங்கேயே பக்குவப்படுத்தப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தோட்டப் பாதைகள் செப்பனிடப்பட வேண்டும். நல்ல பாதையில் ஓடும் பொதுப் பேருந்தைவிடப் பசுமையான வாகனத்தை எந்த நிறுவனமும் இன்னும் செய்யவில்லை.

தமிழாசிரியர்கள் வகுப்பறையிற் பாரியின் கதையைத் தவறாது சொல்வதுண்டு. கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரை ஈந்தான் என்று கொடைமடத்தைப் புகழ்கின்றோம். அக்கதையில் நாம் அழுத்திக் கூறாத ஒன்று உண்டு. பாரி தேரிலிருந்து இறங்கினான். தேர் கொடியினுடையதாயிற்று, மன்னன் நடந்து சென்றான். இன்றைய விளம்பரமோ தேரிலிருந்து இறங்காமலே முல்லையைக் காக்கலாம் என்று நம்மை நம்பச் சொல்கின்றது. பசும்பெயர் பூசிய அத்தேரின் சில்லுக்கடியில் நசுங்குவது எவரென்று மாணவர் கேட்கட்டும். கேட்கக் கற்பித்தல் ஆசிரியரின் கடன். கேள்வியைப் பாராளுமன்றம் வரை கொண்டுசெல்லுதல் நம் எல்லோரின் கடன். மண்சரிவுக்கு அப்பால், விளக்கற்ற லயத்தில் காத்திருப்பவர்களுக்கு அந்தச் சில்லு முதலிற் சுழலட்டும். ஊர்வலம் பின்னர் வரலாம்.